செக்கு வாங்கப் பணம் இருக்கிறது, கடலை வாங்க?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பத்து வருடச் சேமிப்பு 6 லட்சம் கையில் இருக்கிறது, அவசரத்துக்கு மனைவியின் நகை இருக்கிறது. அவிநாசிப் பக்கம் சொந்த ஊரில் மரச்செக்கு எண்ணெய்க் கடை போட ஆசை. இரண்டு செக்கு, பஸ் ஸ்டாண்டு அருகே கடை, சொந்த பிராண்டு, தீபாவளிக்கு முன் திறப்பு விழா என்பது திட்டம். "முதலில் எதைச் செய்வது? கம்பெனி பதிவா, ஜிஎஸ்டியா, வங்கிக் கடனா?" என்று கேட்கிறார்.

மூன்றும் இப்போதைக்கு இல்லை. ஈரோட்டுப் பக்கம் 11 வருடம் செக்கு ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் திட்டத்தில் ஒரு முக்கியமான செலவு விட்டுப்போயிருக்கிறது. செக்கு எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, போர்டு எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செக்கில் போட வேண்டிய கடலை எவ்வளவு என்று எழுதவே இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விடுகிற இடம் இதுதான், நானும் விட்டேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகளை உதாரணத்துக்காகத்தான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் ஊரின் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். நிலக்கடலைப் பருப்பு கிலோ 120 ரூபாய். மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் இறங்க ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும், அதாவது 300 ரூபாய். ஒன்றரை கிலோ புண்ணாக்கு மிஞ்சும். அதைக் கிலோ 40 என்று மாட்டுக்காரர்களுக்கு விற்றால் 60 ரூபாய் திரும்பி வரும். ஆக லிட்டருக்குச் சரக்குச் செலவு 240. பாட்டில், மூடி, லேபிளுக்கு 15. மொத்தம் 255. இதை 340-க்கு விற்றால் லிட்டருக்கு 85 ரூபாய் கையில் நிற்கும்.

இந்த 85-ஐ லாபம் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் கடை திறக்கிறார்கள். கடை வாடகை 8,000, ஆட்டுகிற ஆளுக்கு 15,000, கரண்டு 4,000, பெல்ட், கிரீஸ், வண்டி வாடகை, சாக்கு இத்யாதி 3,000. எண்ணெய் ஒரு சொட்டு விற்காவிட்டாலும் மாதம் 30,000 போய்க்கொண்டே இருக்கும். அதை 85-ஆல் வகுத்தால் 353 லிட்டர். மாதம் 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு 13, 14 லிட்டர் விற்ற பிறகுதான் நஷ்டம் நிற்கிறது. அதற்கு மேல்தான் உங்கள் வீட்டுக்கு. இப்போதைய சம்பளத்தைக் குறைத்தே வைத்து 25,000 எடுப்பதாக இருந்தால்கூட 647 லிட்டர் விற்க வேண்டும். 650 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 650-ஐ வைத்துக்கொண்டு இரண்டு விஷயம் பார்க்கலாம்.

ஒன்று, இரண்டு செக்கு எதற்கு? ஒரு தடவை ஆட்ட 15 கிலோ போட்டால் 6 லிட்டர். ஒரு நாளைக்கு ஐந்து தடவை நிதானமாக ஓட்டலாம். 30 லிட்டர். 25 நாளில் 750. ஒரே செக்கு போதும், மிச்சமும் இருக்கிறது. எள்ளும் தேங்காயும் மாற்றி மாற்றி ஆட்டும்போது சுத்தம் செய்வது தொல்லை என்பது உண்மைதான். அதற்குக் கிழமை பிரித்துக்கொள்ளலாம், லட்சக்கணக்கில் இன்னொரு செக்கு வேண்டியதில்லை. இரண்டாவது செக்கு, முதல் செக்கு சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் வரட்டும்.

இரண்டாவது விஷயம் பெரியது. 650 லிட்டருக்கு மாதம் 1,625 கிலோ பருப்பு வேண்டும். 120 ரூபாய் வீதம் 1 லட்சத்து 95 ஆயிரம். ஒரு மாதத்துக்கு மட்டும். அறுவடைச் சமயத்தில், விலை இறங்கியிருக்கும்போது மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்காவிட்டால் இந்தத் தொழிலில் பிழைப்பில்லை. மூன்று மாதச் சரக்கு 5 லட்சத்து 85 ஆயிரம். உங்கள் சேமிப்பு முழுவதும் அங்கேயே, சாக்கு மூட்டையாக உட்கார்ந்துவிட்டது. செக்குக்கு எங்கே போவீர்கள்?

ஆக, 6 லட்சத்தை வைத்துக்கொண்டு செக்கு வாங்க முடியுமா என்றால் முடியும், அடுத்த மூன்று வருடம் நிம்மதியாக ஓட்ட முடியாது. இயந்திரத்துக்கும் கடைக்கும் கையில் இருப்பதில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது என் கணக்கு. மீதி, சரக்காகவும் ரொக்கமாகவும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது வருடம் நான் மூழ்கிய கதை இதுதான். நான்கு கிளை வைத்திருந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குக் கொடுத்தேன். 45 நாள் கடன் என்று பேச்சு. அட, நம்ம எண்ணெய் கண்ணாடி அலமாரியில் நிற்கிறதே என்று எனக்குப் பெருமை வேறு. புரட்டாசி கடைசியில் பாக்கி 1 லட்சத்து 80 ஆயிரம். ஐப்பசியில் புதுக் காய் வந்து இறங்கியது, அந்த வருடம் பருப்பு 90 ரூபாய்க்கு வந்தது. கையில் பணம் இல்லை. மண்டிக்காரர் கேட்டார்: "ஏனுங்க, ரொக்கம் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வெல, உங்களாட்டம் தவணை கேக்கறவங்களுக்கு ஒரு வெல. எது வேணும்?" சூப்பர் மார்க்கெட்காரர் ஏமாற்றவில்லை, மாசி மாதம் பைசா பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டார். அதற்குள் பருப்பு 112. அந்தப் பணத்தில் ஐப்பசியில் 2,000 கிலோ வாங்கியிருக்கலாம். கிலோவுக்கு 22 வீதம் 44,000 போச்சு. அந்த வருடம் முழுக்க அவருக்குச் சரக்குக் கொடுத்து நான் சம்பாதித்தது 30,000-கூட இல்லை. நடுவில் செக்கு நிற்கக் கூடாது என்று மூணு வட்டிக்கு வாங்கியது தனி. நோட்டில் அந்த வருடம் எனக்கு லாபம். ஆடிட்டர் கைகுலுக்கினார்.

யாரும் மோசம் செய்யாமல், யாரும் பணத்தை விழுங்காமல், தாமதம் மட்டுமே ஒரு சின்னத் தொழிலை இந்த அளவுக்கு அடிக்கும். அதனால்தான் பதிவு, பிராண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்கிறேன்.

சரி, பாதி பணத்தில் எப்படித் தொடங்குவது? கூலிக்கு ஆட்டுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி மானாவாரிக் கடலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பருப்பையும் கொப்பரையையும் கொண்டுவந்து கொட்டட்டும், நீங்கள் ஆட்டிக் கொடுத்துக் கூலி வாங்குங்கள். சில இடங்களில் கூலிக்குப் பதிலாகப் புண்ணாக்கை எடுத்துக்கொள்கிற வழக்கமும் உண்டு. சரக்கில் உங்கள் பணம் ஒரு ரூபாய்கூட முடங்கவில்லை, கூலி அன்றைக்கே கையில் வருகிறது, ஆட்டத் தெரியாத காலத்தில் கைப்பழக்கமும் வந்துவிடுகிறது. நின்று பார்த்துக்கொண்டே இருக்கிற ஜனம்தான் பிறகு உங்கள் பாட்டிலையும் நம்பி வாங்கும். தொல்லையும் இருக்கிறது. ஆறு கிலோ, ஏழு கிலோ என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள், "எம் பருப்புக்கு இவ்வளவுதானா எண்ணெய்?" என்று சண்டைக்கு நிற்பார்கள். ஒவ்வொருவர் பருப்பையும் கண் முன்னால் எடை போட்டு, இறங்கின எண்ணெயையும் எடை போட்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சண்டை பாதியாகிவிடும்.

இங்கே ஜிஎஸ்டியில் ஒரு முடிச்சு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். "மட்டும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கூலிக்கு ஆட்டுவது சேவைக் கணக்கில் வரும். பொருளும் சேவையும் கலந்தால் வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். மேலே போட்ட கணக்கில் எண்ணெய் மாதம் 2 லட்சத்து 21 ஆயிரம், புண்ணாக்கு 39 ஆயிரம், ஆண்டுக்கு 31 லட்சத்துச் சொச்சம். எண்ணெய் மட்டும் விற்றால் பதிவு வேண்டாம், பக்கத்திலேயே கூலிச் செக்கும் ஓடினால் வேண்டும். பதிவு செய்ய வேண்டி வந்தால் காம்போசிஷன் திட்டத்தைப் பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். உற்பத்தியாளருக்கு விற்பனையில் 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும், கணக்கு வேலை குறைவு. ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. பாலக்காட்டில் மாமா கடை இருக்கிறது, அங்கே போடுவேன் என்றால் இது உங்களுக்கு ஒத்துவராது.

கம்பெனி பதிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரைவேட் லிமிடெட் இப்போது வேண்டாம். உங்கள் பேரிலேயே தனி உரிமையாளர் தொழிலாக நடத்துங்கள். ஆனால் கடைப் பேரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட் மட்டும் முதல் நாளே திறந்துவிடுங்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகக் கூடாது. நான் எடுத்த காலத்தில் ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அதைத் தாண்டினால் உரிமம். வரம்பு மாற்றப்படுவதுண்டு, விண்ணப்பிக்கிற அன்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காமல் நீங்களே போடலாம். கேனில் இருந்து ஊற்றிச் சில்லறையாக விற்பதை விட்டுவிடுங்கள். ஊரெல்லாம் செய்கிறார்கள், ஆனால் சமையல் எண்ணெயை அடைத்து லேபிள் ஒட்டாமல் விற்கக் கூடாது என்பதுதான் விதி.

லேபிளில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று. "இதயத்துக்கு இதமானது", "கொலஸ்ட்ராலை விரட்டும்" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். சமையல் எண்ணெய் லேபிளிலும் விளம்பரத்திலும் இந்த மாதிரி வாசகங்களுக்குத் தடையே இருக்கிறது. 5,000 லேபிள் அச்சடித்துவிட்டு ஒவ்வொன்றின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும் (நான் இல்லை, நம்புங்கள்). லிட்டரோடு எடையையும் போடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் என்பது 910 கிராம் அளவில் வரும். அதிகபட்ச விலை, அடைத்த மாதம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், புகார் சொல்லத் தொலைபேசி எண், எல்லாம் வேண்டும். அடைத்து விற்கிறவர் எடையளவுச் சட்டப்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டும், தராசுக்கும் முத்திரை வேண்டும். பேரை அச்சடிக்கும் முன் டிரேட்மார்க் தளத்தில் 29-ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள், சமையல் எண்ணெய் அந்த வகுப்பில் வருகிறது. கொங்கு, நாட்டு, பாரம்பரியம் என்று தொடங்குகிற பேர்களில் ஏற்கெனவே நல்ல நெரிசல்.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டின் பின்பக்க ஷெட்டில் வீட்டு இணைப்பிலேயே மோட்டாரை ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பிடித்தால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. குறுந்தொழில் இணைப்பு கேட்டு வாங்குங்கள்.

இனி கடன். மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப் பகுதியில் தொடங்கினால் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் முதலான பிரிவினருக்கு 35. உங்கள் பங்கு 10 அல்லது 5 சதவீதம். மனைவி பேரில் தொடங்குவது பற்றி யோசியுங்கள், வெறும் பேருக்காக அல்ல, அவர்தான் கடையில் உட்காரப்போகிறார் என்றால். மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டமும் 25 சதவீத மானியத்தில் இருக்கிறது, வயதும் குடும்ப வருமானமும் பார்ப்பார்கள்.

இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் அந்தத் திட்டம் புதிதாகத் தொடங்கப்போகிற தொழிலுக்குத்தான். ஆர்வத்தில் செக்கை வாங்கி ஓட்டிவிட்டு, அப்புறம் போய் மானியம் கேட்டால் கிடைக்காது. அப்புறம், மானியம் உங்கள் கைக்கு வருகிற பணம் இல்லை. மூன்று வருடம் உங்கள் கடனுக்கு எதிராக வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடக்கும், நடுவில் தொழிலை மூடினால் போச்சு. மானியம் வருகிறது என்று அந்தத் தொகையையும் சேர்த்துச் செலவுத் திட்டம் போடுகிறவர்கள் முதல் வருடமே திணறுவார்கள்.

வங்கி மேனேஜரிடம் பேசும்போது செக்குக்கு மட்டும் கேட்காதீர்கள். இயந்திரத்துக்கு ஒரு கடன், சரக்குக்கு நடைமுறை மூலதனம் தனியாக என்று திட்ட அறிக்கையிலேயே பிரித்து எழுதுங்கள். கொட்டேஷன் இருப்பதால் இயந்திரக் கடன் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம். சரக்குக் கடனை நீங்களாகக் கேட்டு, ஐப்பசியில் எவ்வளவு வாங்குவேன், எத்தனை மாதத்தில் விற்றுத் திருப்புவேன் என்று கணக்குக் காட்டினால்தான் வரும்.

நகை? நகைக்கடன் வாங்குவது தப்பில்லை, எதற்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறுவடை நேரத்தில் கடலை வாங்க வைத்தால், நான்கு மாதத்தில் எண்ணெயாகி, காசாகி, நகை வீட்டுக்கு வந்துவிடும். செக்கு வாங்க வைத்தால் நான்கு வருடம் ஆகும், அதற்குள் ஏலத் தபால் வந்துவிடும். என் வீட்டில் ஏழு வருடம் இதே வளையல்கள் ஐப்பசியில் போய் மாசியில் திரும்பின. வளையலே வியாபாரம் கற்றுக்கொண்டது என்று மனைவி சொல்வார்.

யாருக்கு விற்பது என்பதற்கு வருவோம். கடைக்காரர்களுக்கு 15 சதவீதம் கழிவு கொடுத்தால் உங்கள் 340 ரூபாய் பாட்டில் 289-க்குப் போகிறது. 255 போக மிச்சம் 34. நேரடி விற்பனையில் 85 நிற்கிற இடத்தில் இங்கே 34, அதுவும் கடனுக்கு. வாடகையும் சம்பளமும் நேரடி விற்பனையிலேயே தேறிவிட்டது, செக்கு சும்மா நிற்கிறது என்ற நிலையில் இந்த 34 இனிக்கும். அதற்கு முன்னால் கடைகளை நம்பி இறங்கினால், எவ்வளவு விற்றாலும் மாதக் கடைசியில் ஏன் கையைப் பிசைகிறோம் என்று புரியாது. மாதம் 200 லிட்டர் கடைகளுக்கு 45 நாள் கடனில் கொடுத்தால், எப்போதும் 86,000 ரூபாய்க்கு மேல் உங்கள் பணம் அடுத்தவர் அலமாரியில் இருக்கும்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல், இப்படிக் காலம் தாண்டியும் வருடக் கடைசி வரை கொடுக்காத தொகையை வாங்குகிறவர் தன் வருமான வரியில் அந்த வருடச் செலவாகக் காட்டவும் முடியாது. இது வந்த பிறகு பெரிய கடைகள் மார்ச் மாதத்தில் கொஞ்சம் சுறுசுறுப்பாகின்றன. பில்லில் உதயம் எண்ணை அச்சடியுங்கள், கேட்காமலே வேலை செய்யும். ஆனால் தெருமுனை மளிகைக்காரரிடம் சட்டம் பேசினால் அடுத்த வாரம் அலமாரியில் உங்கள் பாட்டில் இருக்காது. அவரிடம் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: பழைய பெட்டிக்குக் காசு கொடுத்தால் புதுப் பெட்டி இறங்கும்.

ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் ராயபுரத்தில் 13,000 ரூபாயோடும் மூன்று ஆட்களோடும் ஐஸ் மிட்டாய் செய்யத் தொடங்கியவர். அதுதான் பிறகு ஹட்சன் பால் கம்பெனி ஆனது. அந்தச் சரக்கைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு பொறாமை உண்டு. ஐஸ் உருகிவிடும், அதனால் யாரும் தேக்கி வைக்க முடியாது. காலையில் செய்தது மாலைக்குள் காசாகியாக வேண்டும். எண்ணெய் கெடாமல் மாதக்கணக்கில் நிற்கும் என்பதாலேயே கடைக்காரருக்கும் அவசரமில்லை, நமக்கும் அவசரமில்லை. நம் சரக்கின் நல்ல குணமே நம் எதிரி. 200 மில்லி, அரை லிட்டர் பாட்டில்களைக் கூடுதலாகப் போடுங்கள். லிட்டர் வாங்கத் தயங்குகிறவர் ரொக்கமாக வாங்கிக்கொண்டு போவார்.

கொள்முதலைப் பற்றிக் கொஞ்சம். காயாக வாங்கி உடைத்தால் 100 கிலோவுக்கு 70 கிலோ பருப்பு தேறும். காயைக் கையில் அள்ளிக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் ஈரம் இருக்கிறது. ஈரக் காயை மூட்டை கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைப் பருப்பு கசக்கும் என்பதோடு நிற்காது, அதில் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு வரும். நம் செக்கில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது, பருப்பில் இருப்பதில் ஒரு பங்கு எண்ணெயிலும் வந்துவிடும். விலை 4 ரூபாய் குறைவு என்று மழையில் நனைந்த மூட்டையை எடுத்து, மொத்தத்தையும் மாட்டுக்குக்கூடக் கொடுக்க முடியாமல் குழியில் கொட்டினேன் ஒரு வருடம். ஆட்டின எண்ணெயை இரண்டு மூன்று நாள் தெளிய வைக்காமல் அடைக்காதீர்கள். அடியில் கசடு நின்றால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். மற்றபடி எள்ளுக்குக் கருப்பட்டி எவ்வளவு, உலக்கை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் ஆட்டுகிற ஆளிடம் நின்று கற்க வேண்டியவை, எழுதி வராது.

கரண்ட் அக்கவுண்ட் ஏன் என்று சொல்கிறேன் என்றேன். கல்லாவில் இருக்கிற பணம் எல்லாம் நம் பணம் என்று தோன்றும், அதனால்தான். 340 ரூபாய் கல்லாவில் விழுந்தால் அதில் 300 ரூபாய் அடுத்த மூட்டைக் கடலையுடையது. பையனின் பள்ளிக் கட்டணத்தை அதிலிருந்து எடுத்தால், ஐந்தாம் மாதம் கடலை குறையும், ஏன் குறைந்தது என்று தெரியாது. உங்களுக்கென்று ஒரு சம்பளம் வைத்து, மாதம் ஒரே தேதியில் எடுங்கள். 25,000 முடியாவிட்டால் 12,000 எடுங்கள், ஆனால் அதைத் தவிரக் கல்லாவில் கை வைக்காதீர்கள். தினமும் ராத்திரி ஒரு நோட்டில் மூன்றே எண்: கையிலும் வங்கியிலும் இருக்கிற பணம், சரக்கின் மதிப்பு, வெளியே நிற்கிற பாக்கி. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா, மூன்றாவது எண் மட்டும் தனியாக ஏறுகிறதா என்று இரண்டு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான் இதை நான்காவது வருடம்தான் தொடங்கினேன்.

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். தீபாவளியையும் மறந்துவிடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது, கடலை ஏல நாளில் ஒரு லீவு போட்டுப் போய் நில்லுங்கள். ஏலம் கேட்க வியாபாரி உரிமம் வேண்டும், உங்களுக்கு வேடிக்கைதான், ஆனால் எந்தக் குவியலுக்கு ஏன் இரண்டு ரூபாய் கூடுதலாகப் போகிறது என்று நான்கு ஏலம் பார்த்தாலே பிடிபட்டுவிடும். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவை எடுத்துக்கொண்டு, 50 கிலோ நல்ல பருப்பை ஏதாவது ஒரு வியாபாரியிடம் வாங்கி, தெரிந்த செக்கில் கூலிக்குக் கொடுங்கள். 20 லிட்டர் வரும். முறையாக லேபிள் ஒட்டி, கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களுக்கு முழு விலைக்கு விற்றுப் பாருங்கள், நட்புக்காக விலை குறைக்காமல், கடன் சொல்லாமல். முதல் 20 லிட்டரை உங்கள் முகத்துக்காக வாங்குவார்கள். அடுத்த மாதம் நீங்கள் ஞாபகப்படுத்தாமலே எத்தனை பேர் பாட்டில் காலி என்று வந்து கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையோடு மறுபடி எழுதுங்கள், செக்கு எங்கே வாங்கலாம், வாகை மரமா இரும்பா என்று அப்போது பேசுவோம்.